கதவுச் சீலை மாமி

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரைக் கௌரவிப்பதென்றால் முதலில் அவரை வேக வைத்துவிட வேண்டும். கல்முனை வெயில், தகரக் கூரை மண்டபம், மேடைக்குக் காற்று வராத மின்விசிறி. அங்கே மீராமுகைதீன் மச்சானை உட்கார வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். எழுபது தாண்டிய மனிதர், இரத்தத்தில் சீனி வருத்தம், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. ஒவ்வொரு பொன்னாடைக்கும் அவர் எழும்பி, படத்துக்குச் சிரித்து, மறுபடி உட்கார வேண்டும். கீழே இருந்து பார்த்த எனக்கே இடுப்பு வலித்தது.

நான் நிஸாம். மச்சான் எடுத்த வீடியோப் படங்கள் எல்லாவற்றுக்கும் கமரா பிடித்தவன். அவருடைய மனைவி றாஹிலா என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கச்சியின், மகள். எனக்கு அக்கா முறை, ராத்தா என்பேன். அதனால் இந்தக் கதையில் நடுநிலைமையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மச்சானுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு மாமி. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். அந்தக் காலத்து மாமிமார் மருமகனின் முன்னுக்கு வரமாட்டார்கள், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார்கள். அடுப்படிக் கதவில் ஒரு சீலை தொங்கும். அதற்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வதுபோல மருமகனுக்குச் சொல்வார்கள். "மகள், மருமகனுக்குச் சோறு ஆறுதுகா எண்டு செல்லுங்க." மகள் அந்த நேரம் கிணற்றடியில் நிற்பாள். மருமகன் எழும்பிப் போய்ச் சாப்பிடுவார். மச்சானின் மாமியான என் சாச்சியும் அப்படித்தான். அவருடைய முகத்தை மச்சான் வருடக்கணக்காகச் சரியாகப் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் அவருக்கு மனப்பாடம்.

அதைத்தான் அவர் முதலில் பாடசாலை மைதானத்து நாடகத்தில் போட்டார், பிறகு படத்தில் போட்டார். மேடையில் ஒரு கதவு, ஒரு சீலை, பின்னால் மச்சானே எடுக்கும் மாமியின் சத்தம். ஆள் வெளியே வருவதே இல்லை. சீலைக்குள்ளால் நீளுகிற கை ஒன்று மட்டும் சில நேரம் சோற்றுக் கோப்பையைத் தள்ளும். சம்மாந்துறையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அந்த வீடியோக் கசட்டை வாடகைக்கு எடுக்காத வீடு குறைவு. பெரிய மனுசர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சாச்சிக்கு விஷயம் தெரிய வந்ததும் சீலைக்குப் பின்னால் சத்தம் நின்றுபோனது. சோற்றுக் கோப்பை மட்டும் வரும். ஒரு பெருநாள் கழிந்துதான் மறுபடி வாய் திறந்தார். "மகள், நான் தும்மினா அதையும் படத்துல போடுவாராமா எண்டு கேளுங்க." சாச்சி மன்னித்துவிட்டார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ராத்தாதான் மன்னிக்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் பெண்கள் அவரை "சீலை மாமிட மகள்" என்று காட்டுவார்களாம். புருஷனுடைய ஒரு நாடகத்துக்குக்கூட அவர் வந்ததில்லை. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று சாச்சி போனார். வீடும் படங்களும் கசட்டுகளும் அதோடு போயின. ஊரில் மிஞ்சியிருந்த கசட்டுகள் பூஞ்சணம் பிடித்தும், மேலே கலியாணம் பதிவு செய்யப்பட்டும் அழிந்தன. ஜனாஸா அடக்கிய பிறகு ராத்தா மச்சானிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இனி அந்தச் சத்தத்த எடுக்காதீங்க." மச்சான் எடுக்கவில்லை. வேறு வேஷங்கள் போட்டார், வேறு படங்கள் எடுத்தார், சனம் மரியாதைக்குச் சிரித்தது. இருபது வருடம் அப்படியே ஓடியது. மனிதர் களைத்துப்போனதில் பாதி அதனால்தான் என்பது என் எண்ணம்.

விழாவன்று காலையில் ராத்தா அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "நானும் வாறன்" என்றார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. மண்டபத்தில் இறங்கியதும் என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார்.

"நிஸாம், இவ்வளவு காலத்துக்குப் புறகு மனிசி வந்திரிக்கா. அந்தச் சத்தத்த எடுத்தா எழும்பிப் போயிருவா. ஆர் கேட்டாலும் எடுக்கமாட்டன். இனி ஒருக்கா அவவோட கோவிச்சிக்கிட்டு இரிக்க எனக்கு ஏலா."

கேட்கத்தான் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். விழாவை நடத்திய பர்ஹான் நல்ல பொடியன். ஆனால் ஒலிவாங்கி கையில் கிடைத்தால் தன்னை மறந்துவிடுவான். பிரதம அதிதி லுஹர் பாங்கு சொல்லும் மதிய நேரத்தில் வந்து சேர்ந்து, மச்சானின் பெயரை இரண்டு விதமாகச் சொல்லி வாழ்த்தி முடித்த பிறகு, பர்ஹான் மேடையின் பின்பக்கத்தைக் காட்டினான். அங்கே மரச்சட்டத்தில் ஒரு கதவு, அதில் பூப்போட்ட சீலை. மச்சானுக்குத் தெரியாமல் செய்து வைத்திருந்தார்கள்.

"கிழக்கின் சிரிப்புச் சக்கரவர்த்தி அவர்களே! ஒரே ஒரு தடவை, எங்கள் கதவுச் சீலை மாமி!"

மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. "மாமி! மாமி!" என்று பின்வரிசை கூவியது. மச்சான் மெல்ல எழும்பினார். பெண்கள் பக்கத்தைப் பார்த்தார். இடையில் கட்டியிருந்த மறைப்புக்கு மேலால் கறுப்பு முக்காடுகள்தான் தெரிந்தன. அதில் ராத்தா எது என்று அவருக்குப் பிடிபட்டிருக்காது.

"மன்னிச்சிக்கங்க மனே. மாமி மௌத்தாகிட்டா. என்ட தொண்டையும் போயிட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் நின்றது. "அப்ப என்னத்துக்குக் கூட்டிவந்த?" என்று யாரோ கேட்டது மேடை வரைக்கும் கேட்டிருக்கும். சனம் பார்சல் சோற்றுப் பக்கம் நகர்ந்தது. ஒரு வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்த மனிதரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட ஒருவர்கூட வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கதவுச் சட்டத்தை ஒரு உதை விட்டிருப்பேன். மச்சானுடைய பொன்னாடைகளை நான் சுமக்க வேண்டியிருந்ததால் தப்பியது.

ஆட்டோவில் ராத்தா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எப்படியோ ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, காலையில் சமைத்த சோற்றை ராத்தா மேசையில் மூடிவைத்தார். மச்சான் கதிரையில் சாய்ந்தார். நான் பொன்னாடைகளை வாங்குப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் நீங்க செய்யல்ல?" என்றார் ராத்தா.

"என்னத்த?"

"உம்மாட சத்தத்த."

மச்சான் நிமிர்ந்தார். "நீதானே புள்ள வேணாமெண்டு சென்ன?"

"அது அப்ப." ராத்தா சோற்று மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "உம்மா எப்பிடிக் கதைச்ச எண்டு எனக்கு ஞாபகம் வருகுதில்ல. முகம் வருகுது, சத்தம் வருகுதில்ல. எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்ல. ஒங்களுக்கிட்டக் கேக்க வெக்கம். வேணாமெண்டு செல்லிட்டு எந்த முகத்தோட கேக்கிற? சனத்தோட சனமா இரிந்து கேட்டுட்டு வருவம் எண்டுதான் வந்த நான்."

சாச்சி எனக்கும் உம்மா மாதிரித்தான். அந்தச் சத்தத்தை நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"எனக்கும் வருகுதோ தெரியா" என்றார் மச்சான். மேசையைப் பிடித்து எழும்பி, அடுப்படி வாசலில் தொங்கிய சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கழுத்தில் ஒரு பொன்னாடை இன்னும் கிடந்தது.

உள்ளே செருமல் கேட்டது. பிறகு படத்து மாமி வந்தார், மூக்கால் இழுத்து, உச்சத்துக்குப் போய்.

"அது படத்துல" என்றார் ராத்தா. "உம்மா அப்பிடி இல்ல."

உள்ளே அவர் சுவரில் சாய்கிற சத்தம் கேட்டது. அவர் களைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில், வெட்கப்பட்டுக்கொண்டு, சாச்சி பேசினார்.

"மகள்… மருமகனுக்குச் சோறு ஆறுதுகா எண்டு செல்லுங்க."

ஊரே சிரித்த சத்தத்துக்குள் இப்படி ஒன்று இருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ராத்தா மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் உம்மா" என்றார். "செல்லுறன்."

மச்சான் வெளியே வரவில்லை. ராத்தாவும் கூப்பிடவில்லை. நான் வாசலில் கிடந்த செருப்பைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டேன்.