கண்ணை முதலில் போடு

என் வகுப்பில் ஆள் படம் வரைந்தால் கண்ணைத்தான் முதலில் போட வேண்டும். முறையாக ஓவியம் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். புதுவாயல் பக்கத்துப் பள்ளியில் எனக்கு வாரத்துக்குக் கிடைப்பதே இரண்டு பீரியடு. அதிலும் ஒன்றை, போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். மிச்ச நேரத்தில் இப்படி ஒரு கோணல் பாடம் நடத்துகிறேன். ஏன் மிஸ் என்று கேட்கும் பிள்ளைகளிடம், அப்புறம் டைம் இருக்காதுடா என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நான் ஆறாவது படித்தபோது நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. எப்போது பார்த்தாலும் நைட் ஷிப்டுதான். காலையில் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வந்து படுத்திருப்பார். சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். எங்களுக்கு ஒரே அறைதான் வீடு. பகல் வெளிச்சம் கூசாமலிருக்கத் துண்டை மடித்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். கழுத்துவரை போர்வை, தலைமாட்டில் கொசுவத்தி. பக்கத்தில் அம்மா சத்தம் வராமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். இருமல் வந்தால்கூட நாங்கள் வெளியே போய்த்தான் இருமிவிட்டு வர வேண்டும்.

டிராயிங் சார் ‘என் குடும்பம்’ வரையச் சொன்னபோது, பார்த்ததைத்தானே வரைய முடியும்? நீட்டிப் படுத்த நைனா, தலையில் கட்டு, போர்வைக்கு வெளியே ஜோடியாக இரண்டு பாதம், தலைமாட்டில் புகை, பக்கத்தில் தலை குனிந்த அம்மா. சார் அதையே வெகுநேரம் பார்த்தார். காதைத் திருகாமல் ஒரு நாளும் விடாத மனிதர், அன்று என் தலையைத் தடவி, மேஜையிலிருந்த புது கிரேயான் டப்பாவை என் கையில் வைத்தார். நம் படம் அவ்வளவு பிரமாதம் போல என்று வீடுவரை பூரித்துப்போய் நடந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சார் படத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“இன்னா சார், பொண்ணு எதுனா தப்பு பண்ணிட்டாளா?”

“நீதாம்மா மனச தேத்திக்கணும். உன்னை நம்பி ஒரு பொம்பளப் புள்ள இருக்குது” என்றார் சார்.

அந்தச் சத்தத்தில் எழுந்து, தலையில் கட்டிய துண்டோடு வாசலில் வந்து நின்ற நைனாவைப் பார்த்ததும் சார் பின்னால் நகர்ந்து சைக்கிள்மேல் சாய்ந்தார். கடைசியில் அவர் படத்தைக் காட்ட, எல்லாம் விளங்கியபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைனாவும் சிரித்தார். செத்ததாக நினைத்துவிட்டால் ஆயுசு கெட்டி என்று சார் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் போனார். கிரேயானைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவே எனக்கு நிம்மதி.

அவர் போன பிறகும் நைனா படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உன் கண்ணுக்கு நான் எப்பவும் இப்டிதான் கீறனா?”

ஆமாம் என்றேன். பொய்யா சொல்ல முடியும்?

நைட் ஷிப்டு முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை வந்தவர் படுக்கவில்லை. குளித்து, கல்யாணத்துக்குப் போடும் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தார். “வா, முழிச்சினு கீற நைனாவ வரை” என்றார்.

சிலைக்குக்கூடக் கண் திறப்பது கடைசியில்தான், படத்துக்கும் அப்படித்தான் என்பது சார் சொல்லிக்கொடுத்த பாடம். நானும் முடி, காது, மீசை, காலர் என்று நிதானமாக வரைந்தேன். கிரேயான் புதுசு. சட்டையில் ஒரு கட்டம் விடாமல் தீட்டினேன். சேர் காலுக்குக்கூட நிழல் போட்டேன். நைனா நிமிர்ந்து உட்கார்ந்து, அடிக்கடி தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஆடாத நைனா என்று அதட்டினேன். கண்ணுக்கு வந்தபோது அவர் தலை மார்பில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திறப்பார். நான் பார்த்து வரைவதற்குள் மூடிக்கொள்ளும். திறந்த நேரத்திலெல்லாம் கண்கள் சிவப்பாக இருந்தன. கண் என்றால் கறுப்பும் வெள்ளையும்தானே, சிவப்பை எங்கே தீட்டுவது என்று எனக்குக் குழப்பம்.

“அடுத்த ஞாயித்துக்கெழம கண்ண மட்டும் போட்டுக்கலாம், இன்னா?” என்று சொல்லிவிட்டுச் சேரிலேயே தூங்கிப்போனார்.

அடுத்த ஞாயிறு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு நானும் மறந்துபோனேன்.

சார் சொன்ன கெட்டி ஆயுசு நைனாவுக்கு அமையவில்லை. நான் காலேஜில் சேர்ந்த வருஷமே போய்விட்டார். தலையைச் சுற்றித் துணி கட்டி, தலைமாட்டில் ஊதுவத்தி கொளுத்தி, நான் வரைந்த மாதிரியே படுக்க வைத்திருந்தார்கள். இன்றைக்கு நான் யார் கண்ணையும் வரைந்துவிடுவேன். அந்தக் கட்டம் போட்ட சட்டைப் படத்தை எடுத்தால் மட்டும் பென்சில் நகராது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

அவர் சேரில் தூங்கிப்போன அன்றைக்கு எனக்கிருந்த வருத்தமெல்லாம், ஒரு படத்துக்கு ஒழுங்காக உட்காரக்கூடத் தெரியாத நைனாவா எனக்கு வாய்க்க வேண்டும் என்பதுதான்.