ரசமட்டத்தில் நிற்காத குமிழ்

பேய், ஆவி எதையும் நான் நம்பியவனில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பொறியாளராக இருந்து, வாய்க்கால், மதகு, பாலம் என்று மட்டம் பார்த்தே பிழைத்தவன். நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. ஆனால் இதில் ஒரு பாதி, என் மனைவிக்கு நான் செய்தது. அந்தப் பாதியை மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

வசந்தாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஒற்றைத் தலைவலி. அதை நான் ஒப்புக்கொண்டேன். வாந்தி எடுப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. ஐம்பது வயதுக்குப் பிறகு வேறொன்று சொல்லத் தொடங்கினாள்.

"ஏங்க, ஹாலு கொள்ளிடத்துப் பக்கமா சாயுதுங்க. நின்னா அப்படியே இழுக்குது."

தலைவலி இல்லாத நாளிலும் இதையே சொன்னாள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீடு நானே பக்கத்தில் நின்று கட்டியது. கொள்ளிடம் அதற்கு வடக்கே. நான் கட்டிய வீட்டில் தரை வடக்கே சாய்கிறது என்று அவள் சொன்னது எனக்கு நோயாகப் படவில்லை, குற்றச்சாட்டாகப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்குடியிலிருந்து அவள் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லோரும் பார்க்க, என் பழைய ரசமட்டத்தை எடுத்துவந்து ஹால் நடுவில் வைத்தேன். மரச்சட்டத்தில் பதித்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு காற்றுக் குமிழ், அவ்வளவுதான் அந்தக் கருவி. குமிழ் இரண்டு கோடுகளுக்கு நடுவே அசையாமல் நின்றது.

"பாத்தியா மச்சான், பூமி சுத்துறது நமக்கு யாருக்கும் தெரியல, உங்கக்காவுக்கு மட்டும் தெரியுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவள் தரை என்று வாயெடுத்தாலே நான் ரசமட்டத்தை எடுத்துவிடுவேன். டாக்டரிடம் போகலாமா என்று இரண்டு முறை கேட்டாள். "டாக்டர் வந்து தரைக்கா ஊசி போடுவாரு?" என்றேன். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று காலையில், ஊருக்குத் தெற்கே காவிரியில் இருக்கும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். மஞ்சள் கயிறும் பழமும் வைத்த தட்டு அவள் ஒரு கையில், இன்னொரு கை என் இடது முழங்கையில். நல்ல கூட்டம். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் எதிரே படியேறி வந்தார். அவர் பார்வை அந்தக் கையின் மேல் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"விடு. படி மட்டமாத்தான் இருக்கு, நட" என்று கையை உதறினேன்.

இரண்டு படி நடந்தாள். மூன்றாவது படியில் விழுந்தாள். இறங்குகிறவர்கள் தவறினால் முன்னால் ஆற்றைப் பார்த்துத்தான் விழுவார்கள். அவள் பின்பக்கமாக, வடக்கே மல்லாந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது.

தென்னூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எதனால் விழுந்தாள் என்று விசாரிக்க நரம்பு டாக்டரம்மா ஒருவர் வந்தார், என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஒற்றைத் தலைவலி இருக்கற சில பேருக்கு உள்காதுல இருக்கற சமநிலையும் சேர்ந்து கெடும் சார். தலைவலி இல்லாதப்பவும் தரை ஆடற மாதிரி, சாயற மாதிரி இருக்கும். அவங்க பொய் சொல்லல. இதுக்கு மாத்திரை இருக்கு. எத்தனை வருஷமா இருக்கும்மா?"

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "அவரையே கேளுங்க. அவருதான் அளந்து வச்சிருக்காரு."

மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம், கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "ஏங்க, இப்ப தரை நேரா இருக்குங்க." அந்தத் தரையில் அவள் ஒரு நாளும் நடக்கவில்லை. படுத்த படுக்கையாகவே இருந்து தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

மறு வருஷம் ஆடிப்பெருக்கு. காலை பத்து மணி, நல்ல வெயில், தெரு முழுக்க ஆற்றுக்குப் போகிற பெண்களின் பேச்சு. நான் போகவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது ரசமட்டம் கையில் கிடைத்தது. ஏன் வைத்தேன் என்று தெரியாது, ஹால் நடுவில் வைத்தேன். குமிழ் தெற்கே ஏறி நின்றது. குமிழ் எப்போதும் உயரமான பக்கம்தான் போகும். அப்படியென்றால் தரை வடக்கே தாழ்ந்திருக்கிறது.

கருவி பழுதாக இருக்கலாம் என்று முனை மாற்றி வைத்தேன். கருவியில் பிழை இருந்தால் குமிழும் பக்கம் மாறும். மாறவில்லை, தெற்கேதான் நின்றது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஓடாமல் ஊற்றிய இடத்திலேயே பரவி நின்றது.

இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் பெரியசாமியை வரவழைத்தேன். என் ரசமட்டத்தையே அவர் கையால் வைத்தார். குமிழ் நடுவில் நின்றது.

"ஒரு நூல் வித்தியாசம் கூட இல்ல சார்."

நான் வைத்தேன். தெற்கே போனது.

"உங்க கை நடுங்குது சார், அதான்."

"கையத்தான் எடுத்துட்டேனே பெரியசாமி."

அவர் மறுபடி வைத்தார், நடுவில் நின்றது. நான் வைத்தேன், தெற்கே போனது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மாகிட்ட இதை வச்சுத்தானே சார் நீங்க..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். "யாருக்காச்சும் குடுத்துடுங்க சார்." காபி குடிக்காமல் போய்விட்டார்.

அதே டாக்டரம்மாவிடம் போய் என் காதைச் சோதிக்கச் சொன்னேன்.

"ரெண்டு காதும் நல்லாருக்கு சார். தலை சுத்துதா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் ரசமட்டத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் சொல்லாததை வாய்விட்டுச் சொன்னேன். "சாயுதுதான் வசந்தா. நீ சொன்னது நெசம்."

குமிழ் நகர்ந்தது. மெல்ல வந்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே, ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது. பிறகு பழையபடி தெற்கே ஏறிக்கொண்டது.

அதற்குப் பிறகு தினமும் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அது அசைவதில்லை. அன்று நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.