மருதமுனைக் கடற்கரையை இரண்டு தரம் அளந்தவர்

சாய்ந்தமருதில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் ஸலாஹுதீனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினாலே வாந்தி. அதனால் கல்முனைச் சந்தையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தாறாம் ஆண்டு, கரைமணலில் அணுச்சக்திக்கு உதவும் கனியம் உண்டா என்று தேட அரசாங்க ஆட்கள் வந்தார்கள். வந்த கையோடு கதிர்வீச்சை அளக்கும் அவர்களுடைய கைகர் கருவி வாயை மூடிக்கொண்டது. அதை ஒரு பொழுதுக்குள் மறுபடி பேசவைத்தவர் ஸலாஹுதீன். பொறுப்பதிகாரி நேசரட்ணம் அவரை அன்றைக்கே தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மருதமுனையில் கைத்தறி நடத்திய றஸாக், தன் மகள் ஸம்ஸியாவுக்கு ஸலாஹுதீனை மாப்பிள்ளை பேசினார். மனைவி ஸைனம்புவுக்கு அரை மனம்தான்.

"அட்டாளைச்சேனையில வாத்திமாருக்குப் படிக்கிற மாப்பிள்ளமார் இரிக்கக்குள்ள, மண்ணுல காது வெச்சுக் கேக்கிற மாப்பிள்ள எதுக்கு?"

"வாத்திமார் ஊருக்குப் பத்துப்பேர் இரிக்காங்க. இந்த வேலைக்கு இந்தக் கரையில இவர் ஒராள்தான். நிரந்தரமாக்கினா கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிப்பாங்களாம். நாளைக்கு ஆசுபத்திரி, வயல் எல்லாத்துக்கும் இந்தப் படிப்புத்தானாம்."

கதவுக்குப் பின்னால் நின்று ஸம்ஸியா கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தறிக்குப் பாவு நூல் ஓட்டும்போது ஆயிரம் இழைக்குள் அறுந்த ஒன்றை முதலில் காண்கிற கண் அவளுக்கு.

கலியாணம் முடிந்து மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்தார். றஸாக் ஒரு கைமணிக்கூட்டை அவர் இடக்கையில் தானே கட்டிவிட்டார். இருட்டில் அதன் எண்கள் பச்சையாக ஒளிரும்.

"நாப்பது நாளைக்குக் கழட்டப்படா மருமகன். கழட்டினா மாமன் வீட்டுக்குக் குறைச்சல்."

நேசரட்ணம் அப்போது பொத்துவில் பக்கம் இருந்தார். ஸலாஹுதீன் தனியாக மருதமுனைக் கரையை அளக்கத் தொடங்கினார். கருவியின் முள் துள்ளியது! மூன்று நாளும் துள்ளியது. கரையில் கனியம் உண்டென்று அவர் நேசரட்ணத்துக்குத் தந்தி அடித்தார். சனிக்கிழமை வருவதாகவும், கண்டது சரியென்றால் நிரந்தர நியமனத்துக்குத் தானே எழுதுவதாகவும் நேசரட்ணம் பதில் கொடுத்தார். தெருவெல்லாம் "அணு மாப்பிள்ள" என்ற பேர் பரவியது. றஸாக்குக்குச் சட்டைக்குள் உடம்பு கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஸலாஹுதீன், மனைவிக்கு வேடிக்கை காட்ட கருவியைப் பாயில் வைத்துக் காதுக்கருவியை அவளுக்கு மாட்டிவிட்டார். டொக்... டொக்... அவர் இடக்கையால் கருவியின் குழலைத் தூக்கினார். சோளம் பொரிவதுபோல் சத்தம். கையை எடுத்தார். மறுபடி டொக்... டொக்...

"மச்சான்," என்றாள் ஸம்ஸியா மெல்ல, "இது மண்ணுக்குக் கத்தல்ல. உங்கட கைக்குத்தான் கத்துது."

அவர் முகம் வெளிறியது. மணிக்கூட்டைக் கழற்றித் தூர வைத்தார். கருவி அடங்கியது. ஒளிரும் மணிக்கூட்டின் பூச்சிலும் கதிர் உண்டு, அதைக் கட்டிக்கொண்டு அளக்கக்கூடாது என்று முதல் நாளே நேசரட்ணம் சொல்லியிருந்தார். ஒருநாளும் மணிக்கூடு கட்டாதவருக்கு அந்த விதி மனதில் நிற்கவில்லை.

நேசரட்ணத்திடம் உண்மையைச் சொல்லப்போவதாக அவர் சொன்னதும் றஸாக் குதித்தார். "சொல்லப்போறீங்களா? நான் தந்த மணிக்கூட்டால அரசாங்கம் ஏமாந்துதெண்டு ஊர் சிரிக்கவா? வேலையும் போயிடும் மருமகன்!"

"போகட்டும் மாமா. இல்லாதத இரிக்கெண்டு எழுதினா, இந்தக் கருவியத் தொட எனக்கு உரிமையில்ல."

ஸைனம்பு தலையில் அடித்துக்கொண்டாள். ஸம்ஸியா மட்டும் அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை நேசரட்ணம் வந்து இறங்கியதும், அவரை நிற்கவைத்தபடியே ஸலாஹுதீன் மணிக்கூட்டால் வந்த பிழையைச் சொன்னார். அதிகாரியின் கண் சிவந்தது.

"மூண்டு நாள் வேலை பாழ். உமக்கு மூளை இருக்கா?"

"பிழை என்ட பிழைதான் சேர். திருப்பி அளக்கிறன்."

வெறுங்கையோடு நாலு நாள் வெயிலில் நடந்து ஒவ்வொரு இடத்தையும் திரும்ப அளந்தார். வெறும் மணல். நேசரட்ணம் பின்னாலேயே வந்து தானும் அளந்து பார்த்தார். இரண்டு பேருடைய கணக்கும் ஒத்துப்போனது.

"நீர் மணிக்கூட்டை மறைச்சிருந்தா, இந்தப் பிழைய நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன்," என்றார் கடைசி நாள். "உமக்கு எப்படித் தெரிஞ்சது?"

"என்ட பொஞ்சாதிதான் கண்டவ, சேர்."

நேசரட்ணம் ஸலாஹுதீனின் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அறிக்கையில் அதையும் எழுதிக்கொண்டார்.

பிழையை மறைக்காத ஆள் என்று நேசரட்ணம் எழுதியிருந்தபடியால், இரண்டு மாதத்தில் நியமனக் கடிதம் வந்தது. நிரந்தரம், கொழும்பில் ஒரு வருடப் பயிற்சி. றஸாக் அதைத் தறிக்கொட்டிலுக்கு எடுத்துப்போய் எல்லாரும் கேட்க வாசித்தார். நெசவாளி ஒருவர் வாயை அடக்கவில்லை.

"கடைசியில கரையில ஒண்டுமில்லையாமே, றஸாக் காக்கா?"

"ஓம், ஒண்டுமில்ல. அந்த ஒண்டுமில்லாததச் சரியா அளந்தவர் என்ட மருமகன். பிழையக் கண்டது என்ட மகள். உங்கட வீட்டில யாரு இரிக்கா?"

கொட்டில் சிரிப்பால் அதிர்ந்தது. நூல் சுற்றிக்கொண்டிருந்த ஸம்ஸியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவள் கை சுற்றிய வேகத்தை எல்லாரும் கண்டார்கள்.