பை கொஞ்சம் இழுக்கறது

"…வெறும் பையைத் தோள்ல மாட்டிண்டு நின்னா என்னடா தெரியும்? அன்னிக்கு நான் வச்சதெல்லாம் அப்படியே உள்ள இருக்கணும். வெங்கலப்பானை, ஈயச்சொம்பு, கூஜா, ஒண்ணு விடாம. போட்டுண்டு கோவில் வரைக்கும் நடந்துட்டு வா. எனக்குத் தெரியணும்."

என் அக்கா சொன்னது இது. வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நல்ல வெயில் நேரத்தில். என் தோளில் அத்திம்பேரின் பழைய பை. அதைச் சுவர் ஆணியிலிருந்து அவள் இறக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். காபி ஹோட்டலில் இலை போட்டு, பிறகு மேற்பார்வை பார்த்து, வருகிறவர் போகிறவர் பேச்சைக் கேட்டே நாலு விஷயம் தெரிந்துகொண்டவன். அதனால் எதைச் சொல்ல வந்தாலும் யார் என்ன சொன்னார்கள் என்பதில்தான் தொடங்க வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்திம்பேர், அதாவது அக்காவின் அகத்துக்காரர், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வாரம் முழுக்க நாற்காலியில் கூனிக்கொண்டிருப்பவர், லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவார். மாசி மாத வெயிலில் காடு காய்ந்திருக்கும்போது அகஸ்திய மலை ஏறுவது அவருக்கு வருஷப் பழக்கம். விதுரா வரைக்கும் பஸ், அதற்கப்புறம் போணக்காட்டு தேயிலைத் தோட்டத்தைத் தாண்டிக் கால்நடை. "உச்சியில நின்னா என் மேஜை எவ்வளவு சின்னதுன்னு தெரியறதுடா" என்பார். மலை மேலிருந்து மேஜை எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. அவர் சொன்னால் தெரியும்போலத்தான் இருக்கும்.

கடைசியாகப் போன தடவை அவர் திரும்பவில்லை. பை மட்டும் வந்தது.

கூடப் போனவர் எங்கள் தெருக்காரர், அதே கச்சேரி. அவர் கூடத்தில் நின்றபடியே சொன்னார். இறங்கி வரும்போது மஞ்சு மூடிக்கொண்டதாம். அத்திம்பேர் பின்தங்கிக்கொண்டே வந்தாராம். வழிகாட்டியாக வந்த காணிக்காரர், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், "பையை நான் எடுத்துக்கறேன் சாமி" என்று இரண்டு மூன்று தரம் கேட்டாராம். இவர் கொடுக்கவில்லை. "உள்ள மடிப் பாத்திரம் இருக்கு, அகத்துல சொல்லி விட்டிருக்கா" என்று சிரித்தாராம். அப்புறம் ஓர் ஓடைக்கரையில், "நீங்க முன்னால போங்கோ. பை கொஞ்சம் இழுக்கறது. உக்காந்துட்டு வரேன்" என்றாராம்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாறை மேல் பை இருந்தது, வார் பூட்டினது பூட்டினபடி. காணிக்காரர்கள் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை முடிந்த பிறகு பட்டாளத்துச் சாமான்கள் சாலைக் கடைத்தெருவில் குவிந்தன இல்லையா, அதில் வாங்கினது. கெட்டிக் கித்தான், அடியில் தோல், தோலிலேயே வார், பித்தளைப் பூட்டு. வெறுமனே தூக்கினாலே கை இறங்கும். அதற்குள் அக்கா வைத்து அனுப்பியது ஒரு சமையலறை. வழியில் யார் கைச் சமையலும் ஆகாது, அதனால் அரிசி, பருப்பு, சாதம் வடிக்க வெங்கலப்பானை. ரசம் வேறெதில் வைத்தாலும் அவருக்கு இறங்காது, அதனால் ஈயச்சொம்பு. சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரம், உத்தரணி. மடி வேஷ்டி. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிறைத்த திருகுமூடிக் கூஜா. எல்லாம் வைத்துவிட்டு, "பாத்திரத்தை ஒருத்தர் தொட விடப்படாது, கேட்டேளா?" என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும்தான் நின்று கேட்டேன். நாங்கள் யாருமே அதில் தப்பு ஒன்றும் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் யார் வெளியூர் போனாலும் அப்படித்தான்.

பை வந்த அன்றைக்கு அக்கா அழவில்லை. திறந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கூஜா நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை அவர். அதை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் திரும்ப ஊற்றினாள். பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய், "என்னடி இது, தீட்டு!" என்றதற்கு, "அவர் இருக்கார், தீட்டு ஏது?" என்றாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அப்புறம் நாங்கள் எல்லோரும் குடித்தோம்.

பாத்திரங்களைத் தேய்த்துத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள், சமையலுக்கு எடுக்கவில்லை. பை ஆணியில் ஏறியது. மழைக் காலம் வந்தால் தோல்வார் ஈரம் குடித்துத் தளரும், பை தானாகக் கொஞ்சம் இறங்கும். அப்போது ஒரு சத்தம் வரும், சுமையை இறக்கி வைத்த மனுஷன் விடுகிற மூச்சு மாதிரி. கூடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்துவார்கள். அக்கா மட்டும் கையிலிருக்கும் வேலையை விடாமல், "ஆச்சு, ஆச்சு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. விளக்கு வைத்ததும் அதன் நிழல் எதிர்ச் சுவரில் விழும், தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் நிற்கிறாற்போல. அந்தச் சுவரோரம் யாரும் இலை போட்டு உட்காருவதில்லை. யாரும் சொல்லி வைத்ததல்ல, அப்படி ஆகிவிட்டது.

வருஷங்கள் போயின. அக்கா குங்குமத்தை விடவில்லை. காணாமல் போனவருக்குக் காத்திருக்க வேண்டிய காலம் முடியப்போகிறது, தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தைப் பண்ணிவிடலாம் என்று சாஸ்திரிகள் வந்து சொன்னார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றபடி, "நம்ம மனுஷா ஒருத்தர் போய் அந்த இடத்தைப் பார்த்துட்டு வரட்டும். அப்புறம் நீங்க சொல்றபடி" என்றாள். நம் மனுஷா என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கோ மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்கும். மேலே ஏறுவதென்றால் தோளில் பாரமே இருக்கக் கூடாது.

பழவங்காடியில் குடையும் தகரப்பெட்டியும் விற்கிற கடை ஒன்று. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். அவர் பேச்சைக் கேட்கவே நான் அந்தப் பக்கம் போவேன். பைகளை எடுத்துப் போட்டார். எஸ்டேட் துரைமார் வாங்குகிற தோல் பை ஒன்று. ஈற்றை மூங்கிலில் பின்னிய மலைக்கூடை ஒன்று. நான் ஒவ்வொன்றையும் தூக்கி முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, "சாமி, மலைக்குப் போறீயளா, மலையத் தூக்கிட்டு வரப் போறீயளா?" என்றார்.

"லேசா இருக்கணும். எனக்கு மூச்சு போறாது."

"மூச்சுக்குத் தக்க சஞ்சி நம்மகிட்ட உண்டு." உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து உதறினார். குடைத்துணியில் தைத்த பை. தோளுக்குக் கட்டில் நாடா, அதற்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. வாயைச் சுருக்க ஒரு கயிறு. சுருட்டினால் கைக்குள் அடங்கியது. "நனையாது, கடிக்காது, முதுகுல இருக்கதே தெரியாது. குடையைப் பிரிச்சுத் தோளுல போட்டது மாதிரிதான். ஆனா ஒண்ணு, வெண்கலப் பானையைக் கொண்டு வச்சிராதீங்க. அவலும் சர்க்கரையும் வைங்க. மலையில போயி யாருக்கு விருந்து வைக்கப் போறீய?"

எனக்குச் சுருக்கென்றது. "இது புதுசா வந்ததோ?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா காலத்துலேர்ந்தே தைக்கோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்கா கையில் கொடுத்தேன். ஒரு விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள். "பூ மாதிரி இருக்கேடா" என்று சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்த சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்குமா? கடைக்காரர் சொன்னதையெல்லாம் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன், அப்பா காலம் உட்பட.

அவள் சிரிப்பு நின்றது.

"அப்போ இது அன்னிக்கும் கடையில இருந்திருக்கு."

அவள் போய் ஆணியிலிருந்து பழைய பையை இறக்கினாள். இறக்கின இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக, ஆள் நிற்கிற உயரத்துக்கு. நான் பேச்சை மாற்றப் பையை வாங்கித் தோளில் போட்டுக் காட்டினேன். அப்போது சொன்னதுதான் முதலில் எழுதின பேச்சு. சொல்லிக்கொண்டே கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து வந்தாள். அரிசி கட்டினாள். கூஜாவில் அதே கிணற்றுத் தண்ணீரை நிறைத்தாள். எது மேலே எது கீழே என்று அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். அத்திம்பேர் என்னைவிட உயரம். வார் அவர் அளவுக்கு இழுத்து, அவர் துளையிலேயே பூட்டியிருந்தது, அந்தத் துளை ஒன்றுதான் நீண்டு கிழிந்திருந்தது. பை என் இடுப்புக்குக் கீழே தொங்கி, அடிக்கு ஓர் அடி பின்னால் பிடித்து இழுத்தது. இரண்டு கை தோளில் இருக்கிறாற்போல. "என்னடா, காசிக்கா?" என்று யாரோ கேட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி ஜன்னலில் என்னைப் பார்த்து, பெயர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கோவில் முனையில் திரும்பும்போது எனக்குக் கண் இருட்டியது. அங்கே மலையில்லை, மஞ்சு இல்லை, சமதளத் தெரு.

பிற்பாடு அந்தக் குடைத்துணிப் பையோடுதான் மலைக்குப் போனேன். அவலும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு, திரும்பியும் வந்தேன். அந்த ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து எழுந்தபோது பை ஒரு தரம் பின்னால் இழுத்தது. கொடியில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கொடியை எடுத்துவிட்ட பிறகும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினேன்.

இருக்கட்டும். அன்றைக்குக் கோவில் வரை போய்விட்டு வந்து, வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு, "ஒண்ணும் கனமில்லை அக்கா, லேசாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் என் தோளைப் பார்த்தாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள். வார் பதிந்த இடம் சிவந்திருந்தது. பையைக் கழற்றி, மடிசார்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் தோளில் மாட்டினாள். நான் தடுக்கப் போனேன். "நகருடா" என்று தெருவில் இறங்கினாள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் நடந்து யாரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் சாய்ந்தாள், அத்திம்பேர் சாய்கிற மாதிரியே. கோவில் முனையில் கல் ஒன்றில் கை ஊன்றி உட்கார்ந்தாள். நான் ஓடிப் போனதும், "நீ முன்னால போ" என்றாள். நான் போகவில்லை.

சாலைக் கடைத்தெருவிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த சுமட்டுக்காரர் ஒருவர் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே, "அம்மே, ஞான் எடுக்காம். இங்ஙோட்டு தரூ" என்று மலையாளத்தில் சொல்லிப் பைக்குக் கை நீட்டினார்.

உள்ளே மடிப் பாத்திரங்கள் இருந்தன. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு தோள், மறு தோள் என்று வாரைக் கழற்றி, பையை இரண்டு கையாலும் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.