கிளிச்சோளம்

உலகச் சண்டை நடந்த காலத்தில் எங்கள் வீட்டில் சோளம் இல்லை என்று ஊரே நம்பியது. பொய். களத்து மூலையில் ஆள் உயரக் குழி வெட்டி, வண்டி வண்டியாகச் சோளத்தைக் கொட்டி, மண்ணால் மூடி, மேலே சோளத்தட்டைப் போராக அடுக்கி வைத்திருந்தார் அப்பா. தானியக் கணக்கெடுக்க வந்த சர்க்கார் ஆட்கள் அந்தத் தட்டுப்போரின் நிழலில் உட்கார்ந்துதான் மோர் குடித்தார்கள்.

எங்கள் பண்ணையாளின் மனைவி அடிக்கடி வாசலில் வந்து நிற்பாள்.

"ரெண்டு படி குடுங்க சாமி. புள்ள பட்டினிங்க."

"இருந்தாக் குடுக்க மாட்டனா?" என்பார் அப்பா.

அந்தப் பிள்ளைக்கு என் வயசு. எங்கள் கன்றுகளை மேய்த்தது அவள்தான்.

ஐப்பசி மழை குழிக்குள் இறங்கிவிட்டது. தை மாதம் திறந்தார்கள். நடுவில் கிடந்த சோளம் மட்டும் தப்பியிருந்தது. ஓரத்தில் இருந்ததெல்லாம் கட்டி கட்டியாக இறுகி, உடைத்தால் பச்சைப் பொடி புகைபோலப் பறந்தது. பூஞ்சண நாற்றம் வீடு வரை வந்தது. அம்மா ஒரு முறம் அள்ளி மாட்டின் முன் வைத்தாள். மாடு மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைக்கவில்லை. மாடு விலை பெறுமே.

பிறகுதான் அப்பா பண்ணையாளைக் கூப்பிட்டார். "வேணுங்கற மட்டும் அள்ளிக்கோ. சும்மாத்தான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கப்பனாட்டம் யாரு குடுப்பாங்க?" என்று கன்று மேய்க்கும் அந்தப் பெண்ணிடமே பீற்றினேன்.

அவள் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்துச் சிரித்தாள். "கிளிச்சோளமுங்க அம்மிணி. பச்சையா இருக்குது."

அவள் அம்மா வாய்க்காலில் உட்கார்ந்து உச்சிவெயில் வரை அலசினாள். நானே பார்த்தேன். அலச அலசத் தண்ணீர் பச்சையாகத்தான் ஓடியது. காயவைத்து இடித்துக் களி கிண்டித் தின்றார்கள். கசப்பாம். கசந்தால் என்ன, வயிறு நிறைந்ததே.

மாசியில் அந்தப் பெண்ணுக்கு வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு வந்தார்கள். வண்டி இல்லை. தப்பிய சோளத்தை விற்க அப்பா ஓட்டிப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

"அலசித் திங்கத் தெரியாத சனம்" என்றாள் அம்மா. அப்பா சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார். பெரியவர்கள் இரண்டு பேர் சொன்னால் அது உண்மைதானே. நானும் நம்பினேன்.

எட்டாம் நாள் அவள் அம்மா எங்கள் கட்டுத்தரைக்குச் சாணி வழிக்க வந்தாள். நான் கிட்டப்போய், என் அம்மா பேசும் தோரணையில், "நாலு தண்ணியில நல்லா அலசியிருக்கோணும்" என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"ஆமாங்க அம்மிணி" என்றாள். "நாந்தான் சரியா அலசலீங்க."

அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.