காலாவதியான பத்தியம்

காலம் குறித்து இடப்பட்ட உத்தரவு, எழுத்தில் நீட்டிக்கப்படாவிட்டால், அந்தக் காலம் முடிந்ததும் தானே செயலிழக்கும். அரசு அலுவலகத்தில் இந்த விதியைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டில் மட்டும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. அதனால் என் அக்கா செத்தாள்!

வயிற்றுப்புண்ணுக்கு ஒரு டாக்டர் பத்தியம் சொன்னார். புளிப்பு, பழம், பச்சைக்காய் கூடாது. குழைய வேகவைத்த கஞ்சி மட்டும். ஒரு மாதத்துக்கு. நான் அதை ஒன்றரை வருடம் நடத்தினேன்.

மலையாளச் சீமையில், கரமனை வீட்டில் நாங்கள் இருவர்தான். மூட்டுவலியால் அவள் வாசல் தாண்டுவதில்லை. சமையல் என் கையில்.

"ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தாயேண்டா. செத்தா போயிடுவேன்?"

"டாக்டர் ஆர்டர் இருக்கு, அக்கா."

"ஆர்டர் போட்டவரே மறந்திருப்பார். நீ மட்டும் ஃபைலை மூட மாட்டே!"

விளக்கம் கேட்டு டாக்டருக்கு எழுதினேன்... எந்த முகவரிக்கு? அவர் விட்டுப்போன பழைய கிளினிக்குக்கு. தெரிந்தே! பதில் வரும்வரை பழைய உத்தரவே தொடரும் என்று அவளிடம் அறிவித்தேன். ஏன் என்று கேட்கிறாயா? ஓய்வு பெற்ற பிறகு என் சொல்லுக்குக் கட்டுப்பட மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஈறில் ரத்தம் கசிந்தது. வயது என்றேன். தொடையில் நீலத் திட்டுகள். அதுவும் வயது என்றேன்.

பிறகு ஒரு காலை... அவள் முழங்காலுக்குக் கீழிருந்த தழும்பு திறந்திருந்தது.

அடிபடவில்லை. எதுவும் கீறவில்லை. சிறுவயதில், கோயில் குளத்துப் படியில் நான் பிடித்துத் தள்ளியபோது பட்ட காயத்தின் தழும்பு அது. அத்தனை காலம் வெளுத்த கோடாகக் கிடந்தது, இரண்டு உதடுகளாகப் பிரிந்து, சிவந்து, ஈரமாக... கிழவியின் வற்றிய காலில் ஒரு சிறுமியின் காயம்!

"வழுக்கி விழுந்தேன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேனோல்லியோ? காலுக்கு ஞாபகம் வந்துடுத்து!" என்று சிரித்தாள். பல்லெல்லாம் ரத்தம்.

"அம்மாவுக்கு நாரங்கா, பச்சக்கறி ஒண்ணும் கொடுக்காறில்லே?" என்று, எலுமிச்சையும் காய்கறியும் தருவதே இல்லையா என மலையாளம் கலந்து கேட்டாள் ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர். தழும்பு என்பது தைத்து முடித்த தையல் அல்லவாம். கொலாஜன் என்னும் நாரால் உடம்பு அதை ஆயுள் முழுக்கப் பின்னிக்கொண்டே இருக்கிறதாம். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் அந்த நார் முறுக்கேறாது. புதிய புண் ஆறாது. ஆறிய புண் அவிழும்.

"பழம் கூடாதுன்னு ஆர் சொன்னது?"

"அவளே தொட மாட்டா, டாக்டர்," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா. நேக்குப் பிடிக்காது."

மாத்திரை கொடுத்தார்கள். ஈறு தேறியது. ஆனால் புண் வழியே புகுந்த கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது...

இப்போதெல்லாம் குளிக்கும்போது என் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். உனக்கும் இருக்குமே? மூடிவிட்டது என்றா நினைக்கிறாய்? இந்த நிமிடமும் உள்ளே ஏதோ ஒன்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எப்போது கையை விடும்?

என் கடிதம் எங்கெங்கோ சுற்றி அந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு மட்டுமே சொன்னேன், இனி எல்லாம் சாப்பிடலாம், பழம் நிறையக் கொடுங்கள் என்று கைப்பட எழுதியிருந்தார். தபால்காரர் அதை என் கையில் தந்தது, அக்காவின் பத்தாம் நாளன்று.