நாறாத புண்

அழுகிக்கொண்டிருந்த புண்ணில் திடீரென்று நாற்றம் நின்றால் அது ஆறுகிறது என்று அர்த்தமா? எங்கள் தெரு மாரிக்கனி ஒருநாள் கேட்ட கேள்வி இது.

மாரிக்கனி ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறவள். அங்கே வேலை செய்கிற யாரும் காயத்துக்குத் துணி வாங்குவதில்லை. வேஸ்ட் துண்டுகள் வீட்டுக்கு வந்துவிடும். அந்த மாதம் சாம்பல் நிறத்தில் புதிதாக ஒரு ரோல் வந்தது.

"இதுல வெள்ளி இருக்குக்கா. கண்ணுக்கே தெரியாத பொடி. கிருமி பட்டா செத்துரும்," என்றாள் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கும் சத்யப்பிரியா.

மாரிக்கனியின் புருஷன் சோணைமுத்து மம்சாபுரத்தில் மினிபஸ் டிரைவர். சர்க்கரை உண்டு. வலது கால் பெருவிரலில் புண். பிரேக் மிதிக்கிற கால் அது. கால் போனால் பிழைப்பும் போகும். அவள் சாம்பல் துண்டைக் கொண்டுவந்து கட்டினாள்.

"கொலுசு வாங்கித் தரலைன்னு எனக்கே வெள்ளியக் கட்டுதியாக்கும்," என்றான்.

"செத்த நேரம் காலை ஆட்டாம இருங்க."

மூன்றாம் நாள் நாற்றம் நின்றது. ஐந்தாம் நாள் ஈக்கள்கூடக் கிட்டே வரவில்லை. வலியும் இல்லை என்றான். விரல் நுனி மட்டும் கறுத்திருந்தது. வெள்ளிக் கறைதான் என்று நினைத்தாள். அந்த ரோலை மடித்த அவள் விரல்களிலும் அது இருந்தது. துணியை மாற்றி மாற்றிக் கட்டினாள். கறை தினமும் ஒரு நூல் அளவு மேலே ஏறியது.

பத்தாம் நாள் அவன் காலையும் தன் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அவள் கையிலிருந்த கறை மங்கியது. அவன் விரலில் இருந்தது அப்படியே இருந்தது. அந்த விரல் மட்டும் மழையில் கிடந்த கல் போலச் சில்லென்றிருந்தது. நகத்தால் அழுத்தினாள். இன்னும் பலமாக அழுத்தினாள். அவன் செல்போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் இப்ப என்ன பண்ணுதேன், சொல்லுங்க."

"ஏட்டி, நீ இன்னும் காலைத் தொடவே இல்லையே."

ஈரக்கையோடு அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவில் ஏற்றினாள்.

"துணி பட்ட எடத்துல கிருமி செத்திருக்கும்மா," என்றார் டாக்டர். "ஆனா விரலுக்கு ரத்தமே போகலை. விரலும் செத்துப்போச்சு. காஞ்சு செத்ததால நாத்தம் இல்லை."

விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

வெள்ளி கிருமியைக் கொல்லும். நின்ற ரத்தத்தை ஓட வைக்காது. சர்க்கரை உள்ளவர் காலில் வலி நின்றால் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கிறதா என்று. பேண்டேஜ் மடிக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அங்கே போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.